தூண்டில் எத்தனை பாகத்தில் ஓடுகிறது? ஆழ ட்ரோலிங் கேள்வி-பதில்

நீரோடி முதல் குளச்சல் வரை நம் கரையிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர், பூவாறிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஓடும் வள்ளத்துக்குப் பின்னால் தூண்டிலை ஆழத்தில் இழுத்து நெய்மீனும் சூரையும் பிடிக்கப் புதிதாக இறங்கியவர்கள்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி ஆழம்.

9.9 குதிரைத்திறன் எஞ்சின் வைத்த ஃபைபர் வள்ளம். அரைக் கிலோ ஈயம் கட்டியும் தூண்டில் மேலேயே வருகிறது. ஒரு கிலோ கட்டலாமா? (நீரோடி)

கட்டலாம். அதற்கு முன் எஞ்சினைக் குறைத்துப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் நரம்பை (தூண்டில் இழையை) பின்னுக்குத் தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். 6 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் ஒரு கிலோ செய்யாததை 3 நாட்டில் அரைக் கிலோ செய்துவிடும். அடுத்தது நரம்பின் தடிமன். 1 மி.மீ. நைலானுக்குப் பதில் அதே பலமுள்ள பின்னல் நரம்பு போட்டால் தடிமன் பாதிகூட இராது. தண்ணீரை அறுத்துக்கொண்டு இறங்கும்.

ஆழத்தை ஊகிக்க வேண்டாம், கோணத்தைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் பாகைமானி போதும். நரம்பு நீர்மட்டத்தோடு 30 டிகிரியில் இறங்கினால், விட்ட நீளத்தில் பாதிதான் ஆழம்: 30 மீட்டர் விட்டால் 15 மீட்டர். 45 டிகிரி என்றால் 21 மீட்டர். 15 டிகிரி என்றால் 8 மீட்டர்கூட இல்லை. பலருடைய தூண்டில் இந்தக் கடைசிக் கணக்கில்தான் ஓடுகிறது, அவர்கள் பத்துப் பாகம் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈயத்துக்கு அருகே நரம்பு கொஞ்சம் செங்குத்தாகத் தொங்கும் என்பதால் உண்மை ஆழம் கணக்கைவிடச் சற்றுக் கூடவே வரும். பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேலே ஓடும்போது ஒன்றிரண்டு பாகம் குறைத்தே வையுங்கள்.

ஜிபிஎஸ் காட்டும் வேகத்தையும் முழுதாக நம்பாதீர்கள். அது தரையைப் பொறுத்த வேகம். ஒரு நாட் நீவாட்டை (கடல் நீரோட்டத்தை) எதிர்த்துப் போகையில் ஜிபிஎஸ் 4 காட்டினால் தூண்டிலுக்கு அது 5. திரும்பி நீவாட்டோடு வரும்போது அதே 4 வெறும் 3 ஆகிவிடும். போகும்போது கொத்தி, வரும்போது கொத்தாமல் இருப்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

டவுன்ரிகர் (குண்டு கட்டித் தூண்டிலை ஆழத்தில் இறக்கும் கருவி) வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நாமே செய்ய முடியுமா? (பொழியூர்)

முடியும். 4 கிலோ ஈயக்குண்டு, 4 மி.மீ. கயிறு 40 மீட்டர், ஒரு கட்டு ரப்பர் பேண்ட். கயிற்றில் பாகத்துக்கு ஒரு வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள். தூண்டிலை 10 முதல் 15 மீட்டர் பின்னே விட்டு, அந்த இடத்தில் நரம்பில் ரப்பர் பேண்டைச் சுருக்கிட்டு, மறு முனையைக் குண்டின் மேலுள்ள கொக்கியில் மாட்டி இறக்க வேண்டும். மீன் அடித்தால் ரப்பர் அறுந்து நரம்பு விடுபடும். உடனே ரீலைச் சுற்றித் தொய்வை எடுங்கள்.

ரப்பர் முரடாக இருந்தால் சின்ன மீன் மாட்டியதே தெரியாமல் அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு போவீர்கள். பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் அறும். இன்னொன்று, குண்டைக் கயிற்றோடு நேராகக் கட்டாதீர்கள். இடையில் கயிற்றைவிட மெலிந்த நூல் ஒரு முழம் இருக்கட்டும். பாரில் சிக்கினால் குண்டோடு போகட்டும், வள்ளத்தின் ஓரம் தப்பும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிப்பவர்களுக்கு வேறு சொல்ல வேண்டியதில்லை: விரல் போய்விடும்.

முரல் மீனை இரையாகக் கோத்தால் பம்பரம் மாதிரிச் சுழன்று நரம்பெல்லாம் முறுக்கேறுகிறது. (குளச்சல்)

இழுவையை இரை மீனின் வாய் தாங்க வேண்டும், தூண்டில் முள் தாங்கக் கூடாது. முழு ரகசியமும் இதுதான். முதலில் வயிற்றை விரலால் அழுத்தி உள்ளிருப்பதைக் கழிவுத் துளை வழியே வெளியேற்றுங்கள். பிறகு முரலை இரு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் நாலைந்து முறை வளைத்தால் முதுகெலும்பு இளகி, தண்ணீரில் உயிர் மீன் போல நெளியும். முள்ளைச் செவுள் வழியே விட்டு அடிவயிற்றின் நட்டநடுவில் வெளியே எடுங்கள். ஒரு நூல் தள்ளினாலும் சுழலும். முள் வெளிவரும் இடத்தில் ஒரு செ.மீ. நீளத்துக்குப் பிளேடால் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் முள் வயிற்றை இழுத்துச் சுருக்கும், அதுவே சுழற்சிக்குக் காரணம். தாடைக்கு அடியில் 20-30 கிராம் ஈயம் வைத்து, மெல்லிய செம்புக் கம்பியால் மூக்கோடு சேர்த்து இறுக்கிச் சுற்றுங்கள். வாய் திறந்திருந்தால் தண்ணீர் புகுந்து கிழிந்துவிடும்.

முந்தின இரவே கல் உப்பில் போட்டு வைத்த முரல் நெடுநேரம் தாங்கும். கடலில் விட்டதும் வள்ளத்தின் பக்கத்திலேயே அரை நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். சுழன்றால் எடுத்துத் திருத்துங்கள். பால்பேரிங் ஸ்விவல் (நரம்பில் மாட்டும் சுழலும் இணைப்பு) முறுக்கைக் குறைக்கும், கோணலாகக் கோத்த இரையை நேராக்காது.

தூண்டில் முள்ளுக்கு மேலே கம்பி போட்டால் சூரை கொத்துவதில்லை. போடாவிட்டால் நெய்மீன் அறுத்துவிடுகிறது. (தூத்தூர்)

இரண்டையும் ஒரே தூண்டிலில் எதிர்பார்க்காதீர்கள். நெய்மீனுக்கு ஒற்றைக் கம்பி 40-50 செ.மீ. போதும், ஒரு மீட்டர் தேவையில்லை. அது வாலைக் கடித்துத் துண்டாக்கும் மீன், அதனால் இரையின் வால் பக்கம் இன்னொரு முள் அவசியம். சூரைக்குக் கம்பி வேண்டாம், தடித்த நைலான் போதும்.

மீன் அடிக்கிறது, ஆனால் வள்ளம் சேர்வதற்குள் விட்டுப் போகிறது. (பூவாறு)

எஞ்சினை உடனே நிறுத்துகிறீர்களா? நிறுத்தாதீர்கள். ஐந்தாறு விநாடி அதே வேகத்தில் ஓடினால் முள் தானே ஆழப் பதியும். ரீலின் பிரேக்கை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு வையுங்கள், 20 கிலோ நரம்புக்கு 5 கிலோ. தராசு மாட்டி இழுத்துப் பார்த்தே வைக்க வேண்டும். கை மதிப்பு எப்போதும் கூடிவிடும். ரீல் இல்லாமல் கைநரம்பில் பிடிப்பவர்கள், வள்ளத்தில் கட்டும் இடத்தில் பழைய டயர் ட்யூபில் அரை மீட்டர் பட்டை சேர்த்தால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

ட்ராலிங் தடைக்காலத்தில் இதைச் செய்யலாமா? (பாறசாலை)

பெயர்க் குழப்பம். தடை இழுவலை போடும் ட்ராலிங்குக்கு; இது தூண்டிலை இழுக்கும் ட்ரோலிங். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள், குமரி மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு. மாநிலக் கடல் எல்லைக்குள் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சின் வள்ளங்கள் அந்தத் தடைக்குள் வராது. ஆனால் அந்த மாதங்களில் கடல் கலங்கியிருக்கும். கலங்கல் தண்ணீரில், கண்ணால் பார்த்து வேட்டையாடும் நெய்மீனுக்கு இரையை இழுப்பது வீண் எரிபொருள் செலவுதான்.

மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே ஏரியில் லேக் ட்ரவுட்டுக்கும் இப்படித்தான் செய்கிறார்களாம். நம் பேச்சிப்பாறை அணையில் விட்டால் வளருமா? (மார்த்தாண்டம்)

வளராது. அது 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய தண்ணீரைத் தேடும் மீன். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகும்போது கீழே குளிர் அடுக்குக்கு இறங்கிவிடும், அதனால்தான் அங்கே ஆழ ட்ரோலிங். மூணாறு மலையில் இருப்பது ரெயின்போ ட்ரவுட், ஓடை மீன். அதுவும் இதுவும் வேறு.

மகனிடம் சொல்லுங்கள்: வேகம் மணிக்கு 3 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கட்டும், நெய்மீன் வேகம் அங்கே எடுபடாது. டவுன்ரிகர் இல்லாவிட்டால் உள்ளே ஈயம் வைத்த நரம்பு கடையில் கிடைக்கும். 10 கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். மெதுவாக ஓடும்போது ஒரு நிறத்துக்கு ஐந்தடி ஆழம் என்பது தோராயக் கணக்கு. வளைந்து வளைந்து ஓட்டட்டும். திருப்பத்தில் உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து இறங்கும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து ஏறும். எது கொத்து வாங்குகிறதோ அதைப் பார்த்து வேகத்தைத் திருத்தலாம். இந்த வித்தை நம் கடலுக்கும் பொருந்தும். மிக மெதுவாக வளரும் மீன் அது, பெரியதைப் பிடித்தால் திரும்ப விடுவதே அங்கே பலருடைய வழக்கம். மேலே கொண்டுவரும்போது அவசரப்படாமல் சுற்றினால் மீன் தன் காற்றுப்பையின் காற்றை வாய் வழியே விட்டுக்கொள்ளும், திரும்ப விட்டதும் ஆழத்துக்கு இறங்கும். மீன்பிடி உரிமச் சீட்டு வாங்காமல் மட்டும் ஏரிப்பக்கம் போக வேண்டாம்.