மலையகத்தில் பங்க் ரொக்: பேஸ் கிட்டார் அக்காவிடம் கேளுங்கள்

இலங்கையின் தேயிலைத் தோட்ட மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில், வேகமும் இரைச்சலுமான பங்க் ரொக்கைத் தமிழில் பாடும் நால்வர் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் கணிதம் படிப்பிக்கிறேன். நம் பகுதி இளைஞர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாக்கி, மீதியை வந்தபடியே எடுத்துக்கொண்டேன். எந்தக் கிட்டார் நல்லது என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில்தான்: கைக்குக் கிடைக்கிற கிட்டார்.

அக்கா, எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கிட்டார். வாசிக்கத் தெரிந்தவனும் ஒருவன்தான். நான்கு பேர் சேர்ந்து குழு தொடங்கலாமா? (பொகவந்தலாவை)

தொடங்குங்கள் தம்பி. பங்க் பாட்டின் முதுகெலும்பு பவர் கார்ட். அடிச் சுரமும் அதன் ஐந்தாம் சுரமும், அதாவது சட்ஜமும் பஞ்சமமும், சேர்ந்தால் அது கிடைத்துவிடும். விரல் வடிவத்தை மாற்றாமல் கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் பாட்டு முழுவதும் வாசித்துவிடலாம். இடக்கைக்கு இரண்டு வாரம் போதும். வலக்கைதான் ஆளைக் கொல்லும். அமெரிக்க பங்க் குழுவான ரமோன்ஸின் ஜானி ரமோன் பிக்கை, அதாவது கம்பியை மீட்டும் சிறு தகட்டை, கீழ்நோக்கி மட்டுமே அடித்து அந்த வேகத்தைத் தாங்கினார். ஒரு பாட்டு முழுவதும் அப்படி அடித்துப் பாருங்கள், முன்கை எரியும்.

மற்ற மூவரில் ஒருவர் பாடட்டும், ஒருவர் பெயின்ட் வாளியில் தாளம் பிடிக்கட்டும், இன்னொருவர் பாட்டு எழுதட்டும். நான்காவது ஆளைச் சும்மா நிற்கவிட்டால் அவர் மேலாளர் ஆகிவிடுவார். அது நல்லதல்ல.

லயத்து வரிசை வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது? பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை இருக்கிறது. (நோர்வூட், டிக்கோயா, ராகலை என்று பலர்)

ஒரு சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் டிரம்ஸ் அடிப்பது அராஜகம். விடிந்தால் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற ஆட்களின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அவர்களுக்காகப் பாடுகிறோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

வார நாட்களில் அம்பிளிஃபயர் இல்லாமல் பயிலுங்கள். மின்கிட்டாரை இணைக்காமல் வாசித்தால் வாசிப்பவருக்கு மட்டும் கேட்கும். டிரம்ஸ்காரர் பழைய டயர்த் துண்டின் மேல் அடித்துப் பழகலாம். மணிக்கட்டுக்கு நல்ல வேலை. சத்தமான பயிற்சியை ஞாயிறு பகலுக்கு ஒதுக்குங்கள். கொழுந்து மடுவம், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகை, அன்று பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். ஆனால் அது தோட்ட நிர்வாகத்தின் இடம். கேட்காமல் நுழையாதீர்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்மாரில் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்டால் வேலை எளிதில் முடியும். தகரக் கூரையின் கீழ் சிம்பல் சத்தம் காதைக் கிழிக்கும் என்பதால் இரண்டு சாக்குகளைத் தொங்கவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடியுங்கள். தகரத்தின் மேல் விழும் மலைநாட்டு மழையை எந்த அம்பிளிஃபயரும் வென்றதில்லை.

ஈரத்தில் கிட்டார் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. (நுவரெலியா)

வாசித்து முடிந்தவுடன் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலுமாகத் துடையுங்கள். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை கிட்டார் உறைக்குள் போட்டுவையுங்கள். கிட்டாரை அடுப்படிச் சுவரில் சாய்த்துவைக்காதீர்கள்.

தமிழில் பங்க் பாட்டு எழுதினால் சினிமாப் பாட்டுப் போலவோ மேடைப் பேச்சுப் போலவோ வந்துவிடுகிறது. வேகத்துக்குச் சொல் உட்காரவில்லை. என்ன செய்வது? (தலவாக்கலை)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 180 அடி என்பது சாதாரண பங்க் வேகம். வினாடிக்கு மூன்று அடி. அரை அடிக்கு ஓர் எழுத்து என்று வைத்தாலும் வினாடிக்கு ஆறு எழுத்துகளை வாய் உமிழ வேண்டும். இந்த ஓட்டத்தில் நெடில் எழுத்துகள் காலைப் பிடித்து இழுக்கும். குறிலும் வல்லின ஒற்றும் பறக்கும். "பெரட்டு" (காலையில் ஆள் கணக்கெடுப்பது), "கொழுந்து", "கொந்தரப்பு" (ஒப்பந்த வேலை) ஆகியவற்றை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், மேளம் தானாகக் கேட்கும். நெடிலை எல்லாம் கோரஸுக்கு மிச்சம் பிடியுங்கள். கூட்டம் சேர்ந்து கத்த வேண்டிய இடத்தில் "ஆ", "ஓ" வேண்டும்.

மேடைப் பேச்சு வாடை அடிப்பதற்குக் காரணம் பொதுச் சொற்கள். "உரிமை", "விடியல்", "புரட்சி" ஆகிய மூன்றையும் ஓராண்டுக்குத் தள்ளிவையுங்கள். அவற்றைத் தேர்தலுக்குத் தேர்தல் வேறு ஆட்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கொழுந்து நிறை குறைந்ததால் உங்கள் அம்மாவுக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போட்ட நாளை எழுதுங்கள். தராசில் என்ன கழித்தார்கள், யார் கழித்தார்கள், அம்மா அன்று இரவு என்ன சமைத்தார்? "அரைப்பேர்" என்ற அந்த ஒரு சொல்லே பாட்டின் தலைப்பாக நிற்கும். கோரஸில் அதை நான்கு முறை கத்தினால் லிந்துலையில் நிற்பவருக்கும் பண்டாரவளையில் நிற்பவருக்கும் ஒரே நேரத்தில் உறைக்கும். கொழும்பில் நிற்பவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பாட்டில் சம்பளத் தொகையை எழுதலாமா என்று இன்னொரு தம்பி கேட்டிருக்கிறார். தாராளமாக எழுதுங்கள். நாள் சம்பளம் ஆயிரம் வேண்டும் என்று பல ஆண்டுகள் தெருவில் நின்றோம். 2021 இல் அது அரச வர்த்தமானியில் வந்தது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. பழைய தொகை உள்ள பாட்டு காலாவதியாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். அந்த ஆண்டில் அரிசி வாங்கப் போனவரின் கோபம் அதில் இருக்கும்.

இது வெள்ளைக்காரன் சத்தம். நமக்குக் காமன் கூத்தும் தப்பு மேளமும் இருக்கும்போது ஏன் இந்தக் கூச்சல்? (பதுளையிலிருந்து ஒரு பெரியவர்)

ஐயா, காமன் கூத்தை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. மாசி மாதத்தில் எங்கள் பாடகர் கூத்தில் நிற்பார், நாங்கள் நிகழ்ச்சி வைக்கமாட்டோம். வெள்ளைக்காரன் சத்தம் என்பதும் பாதிதான் சரி. 1976 இல் இலண்டனில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவைத் தொடங்கிய பொலி ஸ்டைரீனின் தந்தை சோமாலியர். வாஷிங்டனில் வேகத்துக்கே புது அளவு வைத்த பேட் பிரெயின்ஸ் குழுவினர் கறுப்பின இளைஞர்கள். நம் நாடக மேடைக்கு ஹார்மோனியமும் கப்பலேறித்தான் வந்தது.

அப்படியானால் தப்பையும் டிரம்ஸையும் சேர்த்து வாசிக்கலாமா? நாங்கள் முயன்றபோது ஒன்றுடன் ஒன்று மோதியது. (மஸ்கெலியா)

மோதத்தான் செய்யும். நான் கேட்ட தப்படிகளில் பெரும்பாலானவை திஸ்ரம், மூன்று மூன்றாகத் துள்ளுபவை. பங்க் டிரம்ஸ் சதுஸ்ரம், நாலு நாலாக உதைப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் முழு பலத்தில் அடித்தால் கேட்பவருக்குத் தலைவலி. தப்பு நடக்கும் பகுதியில் டிரம்ஸ்காரர் கால் மேளத்தை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அல்லது பாட்டையே திஸ்ரத்துக்கு மாற்றுங்கள். வேகமான திஸ்ரத்தில் பவர் கார்ட் அடித்தால் கால்கள் சும்மா இருக்காது.

தப்பின் தோலை நெருப்பில் காட்டினால்தான் சத்தம் ஏறும். நம் பனிமூட்டத்தில் இரண்டு பாட்டுக்குள் தளர்ந்துவிடும். மேடைக்குப் பின்னால் சிறு நெருப்பும் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். மண்டபத்துக்குள் என்றால் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தப்பு அடிப்பவரைத் தள்ளிவைத்த சாதிப் பார்வை நம் தோட்டங்களிலும் இருந்தது. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. தப்பை மேடைக்கு அழகு சேர்க்க எடுத்துக்கொண்டு, அடிக்கிற அண்ணனைப் பின்வரிசையில் நிறுத்தாதீர்கள். அவர் பெயரை ஒலிவாங்கியில் சொல்லுங்கள். வந்த பணத்தில் சம பங்கு கொடுங்கள்.

அக்கா, எனக்குப் பாட ஆசை. மேடையில் பெண் கத்துவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். (கொட்டகலை, உயர்தர மாணவி)

தங்கச்சி, வீட்டில் ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள்: மீனாட்சி அம்மாள், தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார். 1930, 40களில் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளை, மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் ஏற்றி, நின்று பாடியவர். ஒலிபெருக்கி பரவலாக இல்லாத காலத்தில் அந்தக் கூட்டத்துக்குக் கேட்கும்படி பாடினார் என்றால் கத்தித்தான் பாடியிருப்பார்.

வீட்டாரின் உண்மையான பயம் பெரும்பாலும் பாட்டைப் பற்றியது அல்ல, இரவுப் பயணத்தைப் பற்றியது. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு முடியும், எந்த வாகனம், கூட யார் வருகிறார்கள். எங்கள் குழுவில் பெண்கள் உள்ள நிகழ்ச்சி மாலை 3 மணிக்குத் தொடங்கி இருட்டுமுன் முடியும். ஆண்களுக்கும் அந்த நேரம்தான் கடைசி பஸ்ஸுக்கு வசதி என்பதைப் பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். முதல் நிகழ்ச்சிக்கு அம்மாவை அழைத்துவந்து முன்னால் உட்காரவையுங்கள். பஞ்சும் கொடுங்கள், காதுக்கு.

திருவிழாக் குழுவினர் சினிமாப் பாட்டு மட்டும் கேட்கிறார்கள். (இறக்குவானையிலிருந்து ஹட்டனுக்கு வந்து வேலை செய்பவர்)

வாசியுங்கள், பணம் வாங்குங்கள், அந்தப் பணத்தில் கம்பி வாங்குங்கள். அது வேலை. சொந்தப் பாட்டை ஒன்று மட்டும் நடுவில் செருகலாம், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், எதிர்ப்புக் கிளம்ப நேரம் இருக்காது.

பொலிஸ் அனுமதி வேண்டுமா? (ஹப்புத்தளை)

ஒலிபெருக்கி வைத்தால் வேண்டும். உள்ளூர்ப் பொலிஸ் நிலையத்தில் முன்னதாகவே விண்ணப்பியுங்கள், கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். உயர் நீதிமன்றத்தின் 2007 தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை உண்டு. விண்ணப்பத்தில் "இசை நிகழ்ச்சி" என்று எழுதுங்கள். பங்க் என்று எழுதி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

மின்சாரம் போய்விட்டால்? (கந்தப்பளை)

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. பெட்ரோல் விலையும் ஏறிக்கொண்டே போனதால் ஜெனரேட்டருக்கும் வழியில்லை. அப்போது மரக் கிட்டார், வாளி, கைதட்டல் இவற்றோடு பாடினோம். சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த பலவீனமான பாட்டுகள் அந்த மாதங்களில் உதிர்ந்துபோயின. மின்சாரம் இருந்தாலும் புதுப் பாட்டை இன்றும் முதலில் அப்படித்தான் பாடிப் பார்க்கிறோம்.

பாட்டைப் பதிவு செய்யக் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா? பாட்டை யாராவது திருடினால்? (வெலிமடை)

ரமோன்ஸின் முதல் இசைத்தட்டு 1976 இல் ஏறத்தாழ 6,400 டொலர் செலவில் முடிந்தது. 14 பாட்டுகள், மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. உங்களுக்கு அதுவும் வேண்டாம். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, கைத்தொலைபேசியை டிரம்ஸிலிருந்து அறையின் மறுமுனையில், பாடகருக்கு அருகில் வையுங்கள். சொற்கள் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்டியில் 2001 இல் தொடங்கிய பரனொய்ட் ஏர்த்லிங் குழு மலைநாட்டிலிருந்தே நாடறிந்த ரொக் குழுவாயிற்று. கொழும்பு பஸ்ஸில் போய்வரும் இடம், குடியேற வேண்டிய இடமல்ல.

திருட்டைப் பற்றி: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை உருவாக்கியவுடனேயே பதிப்புரிமை உண்டு, பதிவு தேவையில்லை. தேதியோடு எழுதிவையுங்கள்.

தலைமுடிக்குச் சாயம் பூச வேண்டுமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

பள்ளிக்கூடத்தில் படிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். தோல் ஜாக்கெட் மட்டும் சிபாரிசு செய்வேன். நுவரெலியாவில் குளிர்.

எங்கள் டிரம்ஸ்காரன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். கிட்டார்காரன் கட்டாருக்குப் போகப் போகிறான். குழு முடிந்ததா? (டயகம)

மலையகக் குழுக்களை உடைப்பது சண்டையல்ல, வேலை தேடிப் போகும் பயணம். அதைத் தடுக்க நம்மால் முடியாது, திட்டமிடலாம். ஒவ்வொரு பாட்டின் வேகம், கார்ட், நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். புதிதாக வருபவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிடித்துக்கொள்வார். பக்கத்துத் தோட்டத்துக் குழுவோடு டிரம்ஸ்காரரைப் பகிர்ந்துகொள்ளுங்கள், எங்கள் பக்கத்தில் ஒருவர் மூன்று குழுக்களுக்கு அடிக்கிறார். கொழும்புக்குப் போன தம்பி தீபாவளிக்குக் கட்டாயம் வீட்டுக்கு வருவார். கேட்பவர்களும் அந்த வாரம்தான் ஊரில் இருப்பார்கள். பெரிய நிகழ்ச்சியைத் தீபாவளிக்கு அடுத்த நாள் வையுங்கள். வான் வண்டியை மட்டும் இப்போதே பேசிவிடுங்கள், அந்த வாரத்தில் வாடகை இரட்டிப்பாகும்.