அளவு சரியாக இருந்தும் என் படம் ஏன் உயிரில்லாமல் இருக்கிறது?

காங்கேயம் காளையை அளவு பிசகாமல் வரைந்தும் படம் தட்டையாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வகைக் கோட்டைப் போடுவதே பெரும்பாலும் காரணம்.

கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், நிற்கும் காளையை உற்றுப் பாருங்கள். உடல் சாம்பல் நிறம். திமில் கிட்டத்தட்டக் கறுப்பு. திமிலுக்கு, மென்மையாகக் கருமையாக எழுதும் 6பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, வளைவைப் பின்பற்றிக் கோடுகளை நெருக்கிப் போடுங்கள். விலாவில் கை தளரட்டும். வெயில் படும் முதுகில் தாளை வெறுமையாகவே விடுங்கள். கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடியின் மடிப்புக்கு ஒரே இழுப்பில் நீண்ட கோடு. பின்னால் உள்ள கிளுவை வேலிக்கு முறிந்து முறிந்து திசை மாறும் குட்டைக் கோடுகள்.

முரண், அழுத்தம், லயம் என்று பாடத்தில் படிப்பவை இங்கேதான் பிறக்கின்றன. வேலியையும் திமிலளவு கருக்கினால் கண் எங்கே போய் நிற்கும்? சமநிலைக்காக இருபுறமும் சமமாக நிரப்ப வேண்டாம். ஓரத்தில் நிற்கும் காளைக்கு எதிரே, தொலைவில் ஒற்றைப் பனை ஈடுகொடுத்துவிடும்.

டச்சு ஓவியர் வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் நாணல் பேனாவால் வரைந்த வயல்களைப் பாருங்கள். புள்ளியும் சிறு கீறலும் வளைவுமே மண்ணையும் பயிரையும் பிரித்துக் காட்டுகின்றன. தயவுசெய்து விரலால் தேய்த்து மழுப்பாதீர்கள். கோட்டின் குணம் அதில் செத்துப்போகும்.