பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதே, ஏன்?

வெறும் சதுரக் கட்டங்கள் வந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். லதா அல்லது நிர்மலா யூஐ எழுத்துருவுக்கு மாற்றினால் தீர்ந்தது. உங்களுக்கு வருவது ஆங்கில எழுத்துகளும் குறிகளும் என்பதால் கோப்பு யூனிகோடில், அதாவது இன்றைய கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டு முறையில், இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

வேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருப் பெட்டியில் பழைய பெயர் அப்படியே இருக்கும். அதைத்தான் நிறுவ வேண்டும். விண்டோஸ் 10, 11-இல் சாதாரணமாக நிறுவினால் உங்கள் பயனர் கணக்கில் மட்டுமே சேரும். சில பழைய மென்பொருள்கள் அங்கே தேடாது. எழுத்துருக் கோப்பை வலச்சொடுக்கி, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வேர்டை மூடித் திறங்கள். திறந்திருக்கும்போது நிறுவியது பட்டியலில் வராமல் போகலாம்.

இது தற்காலிக ஒட்டுதான். நகலெடுத்து வைத்துக்கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் மென்பொருளில் பாமினி, டாப், டாம், டிஸ்கி என்ற பழைய குறியீட்டு முறைகளில் கோப்புக்குரியதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் குப்பைதான் வரும். பாமினி போன்றவற்றில் இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகிச் சிதையும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.