அரசுப் பல்கலைக்கழகத்தின் ‘விரிவாக்கப் பணி’ என்றால் என்ன?

பல்கலைக்கழகம் தன் ஆய்வில் கண்டதை, அங்கே சேர்ந்து படிக்காத மக்களிடமும் கொண்டு சேர்ப்பதே விரிவாக்கப் பணி. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1971-இல் பல்கலைக்கழகமான இதன் வேர், 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியில் இருக்கிறது.

மண்ணும் மழையும் ஊருக்கு ஊர் மாறுவதால், ஒரே இடத்தில் அமர்ந்து மாநிலம் முழுமைக்கும் விடை சொல்ல இயலாது. ஆகவேதான் நெல்லுக்கு ஆடுதுறையிலும் அம்பாசமுத்திரத்திலும், எண்ணெய் வித்துகளுக்குத் திண்டிவனத்திலும் ஆய்வு நிலையங்கள் இயங்குகின்றன. ‘ஆடுதுறை 43’ போன்ற நெல் ரகப் பெயர்களில் வரும் ஊர், அந்த நிலையத்தைக் குறிப்பதே. உழவர்களுக்குப் புதிய முறைகளைக் கற்றுத்தரும் மையமான வேளாண் அறிவியல் நிலையங்களில், நாட்டின் முதலாவதும் 1974-இல் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது.

மண் பரிசோதனையையே பாருங்கள். நெல் வயலில் வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோ மட்டும் அனுப்ப வேண்டும். கேட்கச் சிறு வேலைதான். ஆனால் இதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஆய்வகம் தரும் உரப் பரிந்துரையே பிழையாகிவிடும். இதை உழவருக்குச் சொல்லித்தருவதும் விரிவாக்கப் பணியே.

ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் இல்லையென்றால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். விரிவாக்கப் பணி அந்த வாய்க்கால். வயலில் கண்ட புது நோயைப் பற்றிய கேள்வியும் அதே வழியில் ஆய்வாளரிடம் திரும்பிச் செல்கிறது என்பதில் மட்டும் இந்த உவமை பொருந்தாது.

மானியம் வழங்குவதும் பல்கலைக்கழகமே எனப் பலர் எண்ணுகின்றனர். அது அரசின் வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை போன்றவற்றின் பொறுப்பு.