கதவுக்குப் பின்னால் நிற்கும் தச்சுப் பெஞ்சு

கேள்வி: ராமேஸ்வரம் தீவில், பாம்பனை அடுத்த தங்கச்சிமடத்தில் வாடகை வீடு. முன்னறை பத்துக்குப் பத்து. ஓய்வு நேரத்தில் முக்காலி, அலமாரித் தட்டு என்று சின்னச் சின்னத் தச்சு வேலை பழகுகிறேன். வாங்கிய இரும்பு மடக்கு மேசை ஒரே மழைக்காலத்தில் கீல் இறுகிப் போனது. இழைப்புளி போட்டால் மேசையே நகர்கிறது. வாசலுக்குத் தூக்கிப் போய் வேலை செய்யவும், இரவில் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கவும் தோதாக ஒரு பெஞ்சு செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் இடுப்பு உயர மேசை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இழைப்புளியை முன்னே தள்ளும்போது அந்த விசை முழுக்க மேசைக்குத்தான் போகிறது. பட்டறை மேசை தன் கனத்தால் அதைத் தாங்கிக்கொள்ளும். கையில் தூக்குகிற மேசைக்கு அந்தக் கனம் வராது. அதை உங்கள் உடம்புதான் கொடுக்க வேண்டும். பெஞ்சின் உயரத்தை 18 அங்குலமாக வையுங்கள். இழைக்கும்போது ஒரு முழங்காலைப் பலகை மேல் ஊன்றிக்கொள்ளலாம், உளி வேலைக்குக் குறுக்கே கால் போட்டு உட்காரலாம். நம் ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து காலாலேயே மரத்தை இடுக்கிப் பிடித்து வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முறையைத்தான் ஒன்றரை அடி உயர்த்துகிறோம்.

மேற்பலகை 42 அங்குல நீளம், 10 அங்குல அகலம் போதும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டில் 19 மி.மீ. துண்டுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். பசையும் தண்ணீர் தாங்கும் ரகமாக இருக்கட்டும். பலகை மட்டும் 7 கிலோ அளவில் வரும். பனம்பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றலாம். உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. மேற்பலகைக்கு மட்டும் வேண்டாம்: அதன் கறுப்பு நார் சிராயாகக் கிளம்பிக் கையில் ஏறும், இழைப்புளியின் முனையையும் மழுங்கடிக்கும்.

கால்களுக்கு வேம்பு, பூவரசு எதுவும் ஆகும். சீமைக்கருவேலத்தை இந்த மாவட்டத்தில் விறகாகவும் கரியாகவுமே பார்க்கிறோம். நீளமான நேர்த்துண்டு அதில் கிடைப்பது அரிதுதான், ஆனால் நமக்கு வேண்டியது ஒன்றரை அடிக்குள். நன்றாகக் காய்ந்து, நுனியில் வெடிப்பு விடாத கட்டையாகப் பார்த்து எடுத்தால் இரும்பு மாதிரி நிற்கும்.

இரண்டு கால்களை மேலே 8, கீழே 16 அங்குலம் இடைவெளி வருமாறு சாய்த்து, மேலும் கீழும் ஒவ்வொரு குறுக்குச் சட்டம் போட்டு ஒரு ஜோடியாக்குங்கள். இப்படி இரண்டு ஜோடி. பலகையின் அடியில், இரு முனையிலிருந்தும் 7 அங்குலம் உள்ளே, 3 அங்குல உயரத்தில் இரட்டைக் கட்டைகளைத் திருகுங்கள். திருகாணி மேற்புறம் எட்டிப் பார்க்கக் கூடாது, உளி பட்டால் முனை போய்விடும். கால் ஜோடியின் மேற்சட்டம் அந்த இரு கட்டைகளுக்கு நடுவே இறுக்கமாக நுழைய வேண்டும். ஆட்டத்தைத் தடுப்பது இந்த இடுக்குதான், போல்ட் இல்லை. அதனால் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியாத அளவுக்கு இழைத்துச் சேருங்கள், அவசரப்படாதீர்கள். அப்புறம் ஜோடிக்கு இரண்டு 10 மி.மீ. போல்ட், கையால் முடுக்கும் விங் நட்டு. இரவில் நான்கையும் கழற்றினால் பெஞ்சு ஒரு பலகையாகவும் இரண்டு சட்டகமாகவும் பிரிந்துவிடும்.

கீல் வேண்டவே வேண்டாம். உப்புக் காற்று என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனை விட வேறு சாட்சி வேண்டுமா? 1914-ல் திறந்த ரயில் பாலத்தில், தூக்குப் பகுதி துருவேறிப் பலவீனமானதால், 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். எனவே போல்ட், திருகாணி எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகம், கிடைக்காவிட்டால் 304. ஒரு எச்சரிக்கை: எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டு துருப்பிடிக்காமலேயே ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் முடுக்காதீர்கள்.

கீழ்ச் சட்டம் எதற்கு என்றால், உங்கள் பக்கம் வாசல் பெரும்பாலும் மணல். தனிக்கால்கள் புதைந்துவிடும், சட்டம் புதையாது. அதையே சிமெண்ட் தரையில் போட்டால் ஆடும். அதனால் சட்டத்தின் அடிப்பக்கத்தில் நடுப்பகுதியைக் கால் அங்குலம் செதுக்கிவிட்டு, இரு முனை மட்டும் தரையில் படும்படி விடுங்கள்.

மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ் இதற்குத் தேவையில்லை, கனம் ஏறும், துருவும் பிடிக்கும். பலகையில் 4 அங்குலத்துக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில், 20 மி.மீ. துளைகள் போட்டு அதற்கேற்ற மர முளைகள் செதுக்கிக்கொள்ளுங்கள். முன்முனையில் இரண்டு முளை இருந்தால் இழைக்கும் மரம் நழுவாது. பக்கவாட்டில் பிடிக்க, முளைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு ஆப்பைத் தட்டிவிடுங்கள். கழற்ற எதிர்ப்பக்கம் ஒரு தட்டுப் போதும்.

கடைசியாக, ப்ளைவுட்டின் ஓரங்களுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள், ஈரம் முதலில் நுழைவது அங்கேதான். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே ஈரம் கசியும். பலகையைச் சுவரோடு ஒட்டிச் சாத்தாமல், அடியில் ஒரு கட்டை, முதுகில் ஒரு கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.