மாட வீதியில் வாங்குவது: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மயிலாப்பூர் மாட வீதிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விரும்பிப் படிப்பவள் நான். ஆனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு வரும் டிசம்பரில் பரதநாட்டிய அரங்கேற்றம். தலையில் அணியும் நகைகளான தலை சாமான், சலங்கை எல்லாவற்றையும் மயிலாப்பூரிலேயே பார்த்து வாங்கச் சொன்னார் அவளுடைய ஆசிரியை. சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு சனிக்கிழமை மாலை காரில் கிளம்பினோம். மெட்ரோ வேலை நடப்பதால் லஸ் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து, வண்டி நிறுத்த இடம் தேடியே பொறுமை போய்விட்டது. நடைபாதை முழுக்கக் கடைகள். நடக்க வழியில்லை. மூன்று கடைகளில் பார்த்தோம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்த செட்டுக்கு மூன்று விலை சொன்னார்கள். ஒரு கடைக்காரர் விலையே சொல்லாமல், "யாரிடம் கற்றுக்கொள்கிறாள்? முழு மார்க்கமா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். என் கணவர் கைபேசியில் அதேபோன்ற செட்டின் படத்தைக் காட்டினார். பாதி விலை. ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டோம்.

வரும் வழியில் அவர் சொன்னார்: "அங்கே அதிகமாகக் கொடுப்பது பழைய நினைப்புக்குக் கொடுக்கும் காசு. வசதி உள்ளவர்கள் கொடுக்கட்டும்." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிறு கடைகளில் வாங்குங்கள் என்று நீங்கள் சொல்வது பரிவினால் மட்டும்தானா? பேரம் பேசினால் தப்பா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வாசகி,
சோழிங்கநல்லூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதில் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பரிவுக்காக எந்தக் கடைக்கும் போகாதீர்கள். பரிவோடு போகிறவர் ஒருமுறை போவார், மறுமுறை போகமாட்டார். அதனால் கடை பிழைக்காது. பற்பசை, பிரஷர் குக்கர், கைபேசி உறை இவையெல்லாம் எங்கே வாங்கினாலும் அதே பொருள்தான். தொழிற்சாலையில் பெட்டியை ஒட்டும்போதே அவற்றின் தரம் முடிவாகிவிடுகிறது. மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குங்கள். அதில் யாருக்கும் நீங்கள் துரோகம் செய்யவில்லை.

ஆனால் நீங்கள் தேடிப்போனது அந்த வகைப் பொருள் அல்ல. விலை சொல்வதற்கு முன்னால் அந்தக் கடைக்காரர் கேட்ட இரண்டு கேள்விகளிலேயே உங்களுக்கான பதில் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பாட்டுக்கு ஆடும் குழந்தைக்கும், அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரை எல்லா உருப்படிகளும் வரிசையாக வரும் முழு மார்க்கமும் ஆடப்போகிற பெண்ணுக்கும் ஒரே செட் போதாது. அதில் வர்ணம் என்ற உருப்படி மட்டுமே அரை மணி நேரத்தைத் தாண்டும். அவ்வளவு நேரமும் நெற்றிச் சுட்டி நகரக்கூடாது, மாட்டல் காதை அறுக்கக்கூடாது, ராக்கொடியின் கனம் பின்னந்தலையை இழுக்கக்கூடாது. சில ஆசிரியர்களுக்குப் பின்னல் நெடுக வைக்கும் ஜடை நாகம் வேண்டும், சிலருக்குப் பூவும் குஞ்சலமும் போதும். அதனால்தான் "யாரிடம் கற்றுக்கொள்கிறாள்" என்ற கேள்வி. அவர் வம்பு விசாரிக்கவில்லை, வேலையைத் தொடங்கியிருந்தார்.

மூன்று விலைக்கு வருகிறேன். கோயில் நகை என்று விற்கப்படுவதில் அடியோடு வேறான இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுவது. வெள்ளியில் அடித்தளம் அமைத்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கற்களைப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கத் தகட்டை அழுத்தி முடிப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. மற்றொன்று, செம்பிலோ பித்தளையிலோ முலாம் பூசிக் கல்லை ஒட்டியது. நடன மாணவிகளில் பெரும்பாலோர் அணிவது இரண்டாவது வகையைத்தான். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள்ளேயே தகட்டின் கனம், முலாம், கல், கொக்கி என்று தரம் ஏறி இறங்கும். மேடை வெளிச்சத்திலும் கைபேசிப் படத்திலும் இவை எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னும். திருப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பின்பக்கம் மழமழப்பாக இருக்கிறதா, நூல் கோக்கும் வளையங்கள் உறுதியாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா, ஓரம் தோலைக் கீறுமா? படத்தில் பின்பக்கம் இருக்காது.

சலங்கைக்கும் இதே கதைதான். தோல் பட்டையில் வரிசைக்கு எத்தனை மணி, தையல் எப்படி, எல்லா மணியும் ஒரே சுருதியில் ஒலிக்கிறதா என்பதைக் கையில் எடுத்துக் குலுக்கித்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒட்டியாணத்தின் அளவை வெறும் இடுப்பில் எடுக்கக்கூடாது, ஆடையின் மேல் எடுக்க வேண்டும்.

உங்கள் கணவர் படத்தைக் காட்டியதில் தவறில்லை. காட்டிவிட்டு, "இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டிருக்க வேண்டும். அக்கேள்விக்கு நகையைத் திருப்பிக் காட்டிப் பதில் சொல்கிற கடை, கூடுதல் விலைக்குத் தகுதியான கடை. பதில் சொல்லாமல் முகம் சுளிக்கிற கடைக்கு உங்கள் பணத்தின் மேல் எந்த உரிமையும் கிடையாது. அது நூறு வருடக் கடையாக இருக்கட்டும், கோபுர வாசலிலேயே இருக்கட்டும், எழுந்து வந்துவிடுங்கள். பழமை ஒரு தகுதி அல்ல. பழமையினால் சேர்ந்த அறிவு தகுதி. நான் சிறு கடைகளை ஆதரிப்பது அந்த அறிவுக்காகத்தான், வேறெதற்காகவும் இல்லை.

அந்த அறிவு கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை என்ற நாட்டு மருந்துக் கடையில் நின்றால் கண்ணுக்கே தெரியும். வீட்டில் பிரசவம் ஆகியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு பாட்டி வருவார். மருந்துச் சாமான்களின் பெயரெல்லாம் அவர் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி நெருங்கினால் லேகியத்துக்குக் கூட்டம் நிற்கும். பாத்திரக் கடைக்குப் போய், ரசம் வைக்க வெள்ளீயத்தில் செய்த ஈயச் சொம்பு கேளுங்கள். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும், ரசத்தை ஊற்றிய பிறகுதான் தீயில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் நல்ல கடைக்காரர் பொட்டலம் கட்டுவார். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் பெண்ணுக்கு இதைச் சொல்ல இன்று பல வீடுகளில் ஆள் இல்லை.

மாட வீதிகளில் இன்னொன்றும் உண்டு. கபாலீசுவரர் கோயிலின் ஆண்டுக் கணக்குதான் அங்கே கடைகளின் கணக்கு. விநாயக சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் காகிதக் குடையும் எருக்கம்பூ மாலையும் விற்கும் தெருவில், அடுத்த சில வாரங்களில் கொலு பொம்மைகள் வந்து இறங்கிவிடும். வடக்கு மாட வீதியில் காஞ்சிபுரத்துப் பொம்மை எது, பண்ருட்டிப் பொம்மை எது, இது மண்ணா காகிதக் கூழா என்று கேட்டால் விற்கிறவர் சொல்வார். போன வருடம் வாங்கிய கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் மட்டும் உடைந்துபோனால், அவர் ஒருவரை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க அங்கே வாய்ப்பு உண்டு. மார்கழியில் கோலப்பொடி, தையில் மஞ்சள் கொத்தும் கரும்பும் மொச்சையும். தெற்கு மாட வீதியில் மாவடு வரும் நாட்களில் அந்தப் பக்கமாக நடந்தாலே வாசனை கூப்பிடும். பங்குனியில் தேருக்கும் அறுபத்து மூவருக்கும் வீதியே கோயிலாகிவிடுகிறது. ஒரே நாலடி இடம் மாதத்துக்கு ஒரு கடையாகிறது. இந்த ஒழுங்கை எந்த வணிக வளாகமும் திட்டம் போட்டு உண்டாக்க முடியாது.

நடைபாதைக் கடைகளால் நடக்க முடியவில்லை என்கிறீர்கள். உண்மைதான், முதியவர்களுக்கு மிகவும் சிரமம். ஆனால் நான் முதலில் குறை சொல்வது நிறுத்தி வைத்த கார்களைத்தான். கீரை விற்கும் அம்மா உட்கார எடுத்துக்கொள்ளும் இடத்தைப்போலப் பல மடங்கை ஒரு கார் அடைத்துக்கொள்கிறது. அந்த அம்மாவுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது. அதை ஒழுங்காக நடத்தினால் அவர்களுக்கு இடமும் நமக்கு வழியும் கிடைக்கும். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலப்படுத்தியபோது நடப்பவர்களுக்கு எவ்வளவு ஆசுவாசம் கிடைத்தது என்பதை நாம் பார்த்தோம். தேருக்காகவும் காலால் நடப்பவர்களுக்காகவும் அமைந்த மாட வீதிகளில் அதைச் செய்ய ஏன் தயக்கம் என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

பேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கீரைக் கட்டுக்கும் முழம் பூவுக்கும் பேரம் பேசாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நகைக்கும் புடவைக்கும் தாராளமாகக் கேளுங்கள். "குறைத்துக் கொடுங்கள்" என்பதைவிட, "என் கையில் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் இரண்டு மணி நேரம் தாங்குகிற செட் எது?" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வருவார். வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தானா என்ற உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் இதுதான். கையில் காசு குறைவாக இருக்கும்போதுதான் விவரம் தெரிந்த ஆளின் துணை அதிகம் தேவைப்படுகிறது. ஒரே ஒரு முறை வாங்க முடிந்தவருக்குத் தவறாக வாங்கிவிட வழியில்லை. வசதி உள்ளவர் கல் உதிர்ந்தால் வேறு செட் வாங்கிக்கொள்வார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அரை மணி நேரம் கடைக்காரரைப் பேசவைத்து, எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்து, அளவையும் வகையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெளியே வந்து கைபேசியில் வாங்குவது. அவருடைய அறிவை எடுத்துக்கொண்டு கூலி கொடுக்காமல் போவது அது. உங்கள் இருவரையும் சொல்லவில்லை. ஆனால் இப்போது பலர் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இணைய வணிகத்தைவிடப் பெரிய ஆபத்து வாடகை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019இலிருந்து புதிய சட்டம் வந்துவிட்டது. வாடகையை இப்போது ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. மயிலாப்பூரில் கோயில் மனைகள் நிறைய. அவற்றுக்குக் கோயில் முறையான வாடகை வாங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அது சுவாமி சொத்து. ஆனால் கோயிலையும் அதன் திருவிழாக்களையும் நம்பி அவற்றுக்கான பொருளையே விற்கிற கடைக்கும், எந்தத் தெருவிலும் நடத்தக்கூடிய கைபேசிக் கடைக்கும் ஒரே அளவுகோல் வைப்பது சரியில்லை. மாலைக்காரரும் பொம்மைக்காரரும் பாத்திரக்காரரும் வெளியேறிய பிறகு, வீதி பெயருக்கு மாட வீதியாக இருந்து என்ன பயன்? இதைப் பற்றி அறநிலையத் துறை யோசிக்க வேண்டும், நாமும் வாய் திறந்து கேட்க வேண்டும். மெட்ரோ வேலையால் வாடிக்கையாளர் குறைந்திருக்கும் இந்த வருடங்களைத் தாண்ட முடியாமல் சில கடைகள் மூடிவிடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

இனி உங்கள் காரியம். காரை விட்டுவிடுங்கள். திருவான்மியூர் வரை பஸ், அங்கிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலை. இறங்கினால் நடக்கிற தூரம்தான். சனிக்கிழமை மாலை வேண்டாம். வார நாளில், காலை பதினொரு மணிவாக்கில் போங்கள். கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், தைத்த ஆடையும் கையில் இருக்கட்டும். தலை சாமானைக் கட்டிப் பார்த்து அவள் தலையை இரண்டு பக்கமும் வேகமாகத் திருப்பட்டும். தலையில் வைக்கும் சூரியன் நகை வலப்பக்கம், சந்திரன் நகை இடப்பக்கம். கல் உதிர்ந்தால் ஒட்டித் தருவீர்களா, அதற்குக் காசு உண்டா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டிசம்பர் நெருங்க நெருங்க நடனக் கச்சேரிகளுக்காக எல்லோரும் வந்து நிற்பார்கள், ஆகவே நவராத்திரிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. அந்த இரண்டு கேள்வி கேட்டவர் கடைக்கே முதலில் போங்கள்.

குழந்தைக்கு என் ஆசிகள். அரங்கேற்றத் தேதி முடிவானதும் எழுதுங்கள், ஊரில் இருந்தால் அவசியம் வருகிறேன்.

அன்புடன்.