குழந்தைக்குத் தாடைச் சிகிச்சையை 7 வயதில் தொடங்குவதா, 12 வரை பொறுப்பதா?

7 வயது மகனுக்குக் கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து கடிக்கின்றன, ஒரு மருத்துவர் உடனே தொடங்கச் சொல்கிறார், மற்றவர் எல்லாப் பற்களும் முளைக்கட்டும் என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் என் மகளுக்கு 8 வயதில் சிகிச்சை தொடங்கினார்கள். மகனுக்கு 13 வயது வரை எதுவும் செய்யவில்லை. இரண்டுமே சரியான முடிவுகள்தாம் என்பதால் எழுதுகிறேன்.

'கிளிப் போடுவது' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பல்லை 40 வயதிலும் நகர்த்தலாம்; தாடை எலும்பை வழிப்படுத்துவது அது வளரும் காலத்தில்தான் முடியும். அதிலும் மேல் தாடை நமக்காகக் காத்திராது, ஏனெனில் முகத்தின் பிற எலும்புகளோடு அது சேரும் பொருத்துகள் சிறு வயதில் நெகிழ்வாக இருந்து, வயது ஏற ஏற இறுகிவிடுகின்றன. என் மகளுக்கு மேல் தாடையே பின்தங்கியிருந்தது. அண்ணத்தில் விரிப்புக் கருவி ஒன்றைப் பொருத்தி, நெற்றியிலும் முகவாயிலும் ஊன்றி நிற்கும் 'ஃபேஸ் மாஸ்க்'கிலிருந்து ரப்பர் வளையங்களால் அந்தத் தாடையை முன்னோக்கி இழுத்தார்கள். தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் அணிய வேண்டும். பள்ளி நேரம் போக மாலையும் இரவும் அதற்கே சரியாக இருந்தது. 10 வயதைத் தாண்டினால் இதே இழுப்புக்கு எலும்பு குறைவாகவும் பற்கள் கூடுதலாகவும் நகரும்.

மகனுக்கோ கீழ்த்தாடை சற்று உள்வாங்கி, மேற்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. இத்தகைய குழந்தைகளுக்கு 8, 9 வயதிலேயே தொடங்கினாலும் பருவ வயதில் தொடங்கினாலும் இறுதிப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பற்கள் அடிபடும் ஆபத்து குறைவதே முந்தித் தொடங்குவதன் ஆதாயம். எனவே பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் வடிவத்தைப் பார்த்து, வளர்ச்சி வேகமெடுக்கும் தருணத்தில், கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் 'ட்வின் பிளாக்' என்ற கழற்றி மாட்டும் கருவியைக் கொடுத்தார்கள். இந்தத் தருணம் பெண் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும்.

உங்கள் மகனுக்கு மேல் தாடை பின்தங்கியுள்ளதா, கீழ்த்தாடை மிகுந்துள்ளதா, அல்லது பல் இடிப்பதால் தாடை முன்னே வழுக்கி நிற்கிறதா என்று இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள். முதலாவதோ மூன்றாவதோ என்றால் தள்ளிப்போடாதீர்கள். குடும்பத்தில் எவருக்கேனும் முகவாய் நீண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆண் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடை 18 வயதையொட்டியும் வளரக்கூடும் என்பதால், இப்போது சரியான கடிப்பு பின்னர் மாறி, வளர்ச்சி நின்றபின் அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. என் மகளுக்கு இப்போது 12 வயது. அந்த ஐயம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவருகிறோம்.